ஜமக்காளத்தில் ஒளி பாய்ச்சியவருக்கு: மூன்று ப்ராஜெக்ட், மூன்று கோளாறு, அவற்றின் கணக்கு

கேள்வி இது: "அண்ணா, வணக்கமுங்க. கோயமுத்தூர்ல விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருசம். மூணு ப்ராஜெக்ட் முடிச்சிருக்கேன். ஒண்ணு, சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கொட்டகையில எடுத்த ஆறு நிமிச ஆவணப்படம். படத்துல வெளிச்சம் பட்டை பட்டையா ஓடுது, கடைசியில பேச்சும் உதடும் ஒட்டலை. ரெண்டு, பிரவுசர்ல ஓடுற தமிழ் எழுத்து அனிமேஷன். எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. மூணு, பவானி ஜமக்காளத்தைத் தரையில விரிச்சு, தொட்டா தறிச் சத்தமும் மேல இருந்து புரொஜெக்டர் ஒளியும் வர்ற இன்ஸ்டலேஷன். லேப்ல நல்லா ஓடுனது கண்காட்சி ஹால்ல படுத்துருச்சு. இப்ப 'என்ன கற்றுக்கொண்டாய்'னு ஒரு அறிக்கை கேக்கறாங்க. என்ன எழுதறதுங்க?"

தம்பி, "நேரத்தின் அருமை புரிந்தது, கூடி வேலை செய்யப் பழகினேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் படிப்பவருக்கு நீங்கள் செய்தது ஜமக்காளமா கல்யாண ஆல்பமா என்றே தெரியாது. உங்கள் மூன்று ப்ராஜெக்ட்டிலும் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. பாதிக்கு மேல் பேப்பரில் கணக்குப் போட்டாலே பிடிபடுகிற காரணம். அந்தக் கணக்கைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

படத்திலிருந்து தொடங்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் தானாக ஷட்டரை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/60, 1/120 நொடி என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த மங்கலில் அரைகுறைத் துண்டு ஒன்று விழும். அதுதான் நீங்கள் பார்த்த பட்டை. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டினால் முழுச் சுற்றுகளாக விழும், பட்டை மறையும். நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்பது தறிக் கொட்டகைக்குப் பாதுகாப்பான சேர்க்கை. போனோடு வரும் கேமரா ஆப்பில் ஷட்டரைப் பூட்ட முடியாவிட்டால் ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்கள் இருக்கின்றன. மலிவு எல்இடி பல்புகள் சில வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே 1/50-ம் உதவாமல் போகலாம். படம்பிடிக்கும் முன் பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

உதடு ஒட்டாததற்குக் காரணம் வேறு. போன் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் வெளிச்சம், சூடு இவற்றைப் பொறுத்து இடையிடையே கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று நம்பிக்கொள்கிறது. முதல் நிமிடத்தில் தெரியாத பிசகு ஆறாவது நிமிடத்தில் தெரிகிறது. எடிட் செய்வதற்கு முன்பே எல்லா கிளிப்பையும் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஃபிரேம் ரேட் பகுதியில் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்திருந்தால் அதன் சாம்பிள் ரேட்டை 48,000 ஹெர்ட்ஸில் வைத்து எடுங்கள். படத்தின் வழக்கம் அதுதான், 44,100 பாட்டு சிடியின் வழக்கம். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைதட்டு. இரண்டு தட்டும் பொருந்தினால் நடுவில் கவலையில்லை.

கொட்டகைச் சத்தத்தைப் பற்றி ஒன்று. போனின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு தறி ஓடும்போது அளவை அமுக்கும், ஒரு தறி நின்றதும் இரைச்சலைத் தூக்கும். பேட்டியைக் கொட்டகைக்கு வெளியே எடுங்கள். தறிச் சத்தத்தைத் தனியாக, கையால் அளவு வைத்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இரண்டு நிமிடம் எடுத்து, எடிட்டில் பேச்சுக்கு அடியில் போடுங்கள். வெளியே எடுக்கும்போது மாதத்தைப் பாருங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் மைக்கைச் சும்மா விடாது. மைக் மேல் ரோம உறை போட்டு, அடிக்குரல் இரைச்சலை வெட்டும் 80 ஹெர்ட்ஸ் 'லோ கட்' வசதியையும் ஆன் செய்யுங்கள். காற்று மோதி ஒலி வெட்டுப்பட்டுப் பதிவாகிவிட்டால் எந்த மென்பொருளும் அதைச் சரியாக மீட்டுத் தராது.

எழுத்து அனிமேஷனுக்கு வருவோம். இங்கே தவறு உங்களுடையது மட்டுமல்ல, தமிழை எண்ணத் தெரியாத கருவிகளுடையதும்கூட. 'கொங்கு' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து: கொ, ங், கு. கணினிக்கு ஆறு குறி: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. 'ஒவ்வோர் எழுத்தாகத் தோன்று' என்று நிரலில் சொன்னால் அது அந்த ஆறையும் தனித்தனியாகக் கொண்டுவரும். குறி தனியாக நிற்கும்போது புள்ளிபோட்ட வட்டம் முளைப்பது அதனால்தான். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு 'இன்டல் செக்மென்டர்' (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது. 'கிராஃபீம்' அளவில், அதாவது நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் அளவில், வெட்டச் சொன்னால் மூன்றாக வெட்டும். ஆனால் க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அதுவும் இரண்டிரண்டாகப் பிளக்கும். அவற்றை மட்டும் நிரலில் கையால் சேர்க்க வேண்டும்.

பி5.ஜேஎஸ் (பிரவுசரில் படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) பயன்படுத்தியதாகச் சொல்லாவிட்டாலும் உடைந்த விதத்தைப் பார்த்தால் அதன் 3டி முறையில் எழுதியது போலிருக்கிறது. சாதாரண 2டி முறையில் எழுத்தை வரைவது பிரவுசர், அதற்குத் தமிழ் தெரியும். 3டி முறையில் எழுத்துரு கோப்பிலிருந்து வடிவங்களை நேராக எடுக்கும்போது 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்தை 2டி கிராஃபிக்ஸ் பரப்பில் வரைந்து அதை 3டி பரப்பின் மேல் படமாக ஒட்டுவதுதான் தீர்வு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளின் பழைய பதிப்புகளில் இதே நோய் வந்தால் அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குப் போய் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய வகைக்கு மாற்றி, மூடித் திறக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பத்தியை ஒட்டினீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

இப்போது ஜமக்காளம். இதில்தான் கற்க நிறைய இருக்கிறது.

ஒளியை முதலில் கணக்குப் போடுங்கள். புரொஜெக்டர் 3,000 ஏஎன்எஸ்ஐ லூமன் (தர அமைப்பு ஒன்றின் முறைப்படி அளந்த மொத்த ஒளி), படத்தின் அகலம் 2 மீட்டர், 16:9 என்று வைத்துக்கொள்வோம். உயரம் 1.125 மீட்டர், பரப்பு 2.25 சதுர மீட்டர். 3,000-ஐ 2.25-ஆல் வகுத்தால் சுமார் 1,330 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. லேப்பில் திரைச்சீலையை இழுத்துவிட்டு 100 லக்ஸ் இருட்டில் சோதித்திருப்பீர்கள். அறை வெளிச்சமும் சேர்வதால், வெளிச்சப் பகுதிக்கும் இருட்டுப் பகுதிக்கும் விகிதம் 1,430-க்கு 100, அதாவது 14 மடங்கு. நன்றாகத்தான் தெரிந்திருக்கும். கண்காட்சி ஹாலில் மேற்கு ஜன்னல் வழியாக மத்தியானம் தரையில் 2,000 லக்ஸ் விழுந்தால் விகிதம் 3,330-க்கு 2,000. ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. படம் செத்துவிடும். அகலத்தை 1.5 மீட்டராகச் சுருக்கினால் 2.2 மடங்குக்கு வரும், பெரிய லாபமில்லை. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி 300 லக்ஸுக்கு இறக்கினால், 2 மீட்டரிலேயே ஐந்து மடங்கு தாண்டும். புரொஜெக்டரை மாற்றுவதைவிட ஜன்னலை மூடுவது மலிவு. லக்ஸ் அளக்க போன் ஆப் போதும். துல்லியம் இருக்காது, ஆனால் லேப்புக்கும் ஹாலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். விளம்பரத்தில் வரும் '9,000 லூமன்' குட்டிப் பெட்டிகளை நம்ப வேண்டாம். ஏஎன்எஸ்ஐ என்ற சொல் இல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

அடுத்தது துணியின் நிறம். ஜமக்காளத்தின் அழகே அதன் அடர்ந்த பட்டைகள்தான். சிவப்புப் பட்டை மேல் நீல ஒளி விழுந்தால் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் சிவப்புச் சாயம் நீலத்தை விழுங்கிவிடுகிறது. பல நிறத்தில் நீங்கள் செய்த அனிமேஷனில் பாதி அங்கேயே காணாமல் போயிருக்கும். வெள்ளை ஒளி மட்டும் வைத்து, அதன் அசைவையும் மங்கலையும் மாற்றிப் பாருங்கள். அப்போது துணியின் சொந்த நிறம் எழுந்து வரும். அதுவே போதுமான காட்சி. இல்லையென்றால் வெளிர் நூல் பட்டை அகலமாக வைத்து நெய்யச் சொல்லி வாங்குங்கள்.

மேலிருந்து தரைக்கு ஒளி பாய்ச்சும்போது தூரத்தையும் பார்க்க வேண்டும். த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்த எண்) 1.5 உள்ள புரொஜெக்டருக்கு 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் உயரம் வேண்டும். கூரை 3 மீட்டர் என்றால் புரொஜெக்டரின் உடம்புக்கும் கம்பிக்கும் இடம் எங்கே? ஷார்ட் த்ரோ, விகிதம் 0.5 என்றால் 1 மீட்டர் போதும், ஆனால் அப்போது குனிபவரின் தலை ஒளியை மறைக்கும். கண்ணாடி வைத்துத் திருப்பினால் வீட்டுக் கண்ணாடி இரட்டை உருவம் காட்டும், முன்பக்கப் பூச்சுள்ள கண்ணாடிதான் வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட அனுமதிக்கும் புரொஜெக்டர்கள் எல்லாம் நேர் கீழ்நோக்கிப் பார்க்க அனுமதிப்பதில்லை. சில லேம்ப் வகைகள் சூடேறி அணைந்துவிடும். கையேட்டில் சாய்வுக் கோணம் எழுதியிருக்கும்.

(புரொஜெக்டர் கோவைக்குப் புதிதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். கூடாரத்துக்குள் இருட்டு இருந்தது, அதைக் கவனியுங்கள்.)

தொடு உணர்வி கைவிட்டது ஒளியைவிடச் சிக்கலான விஷயம். கடத்தும் நூலைப் பட்டையோரமாகத் தைத்து, தொடுகையை உணரும் எம்பிஆர்121 சிப்போடு இணைப்பதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்வது. 12 தொடுமுனை கிடைக்கும். இது அளப்பது மின்தேக்கத்தை. அதாவது நூலுக்கும் தரைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள உறவை. லேப்பில் மேசை மேல் விரித்திருப்பீர்கள், ஹாலில் தரையில் விரித்தீர்கள். கீழே சிமென்ட்டும் ஈரமும் வந்ததும் அடிப்படை அளவே மாறிவிட்டது. ஜமக்காளத்துக்கு அடியில் 10 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது, எர்த். லேப்பில் மூன்று பின் பிளக், ஹாலில் எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்திருக்கும். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஓர் அளவு, பேட்டரியில் இன்னோர் அளவு வரும். மூன்றாவது, சிப் மின்சாரம் வந்த நொடியில் 'யாரும் தொடாத நிலை இது' என்று ஓர் அளவை எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் யாராவது ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தால் தொடக்கக் கணக்கே தப்பு. நம் ஊரில் ஜமக்காளத்தைக் கண்டால் உட்காருவார்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது.

இந்தச் சிப்புக்குப் பொதுவாகப் புழங்கும் நிரல் லைப்ரரியில் தொடு எல்லை (அளவு இவ்வளவு மாறினால் தொட்டதாகக் கொள்வது) 12, விடு எல்லை (கையை எடுத்ததாகக் கொள்வது) 6 என்று இருக்கும். அதை ஹாலில், எல்லாவற்றையும் ஆன் செய்து, ஆட்களை விலக்கி நிறுத்தி, முப்பது நொடி அளவு பார்த்து மாற்ற வேண்டும். அளவு மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறதோ அதைப்போல் இரண்டு மடங்காவது எல்லை இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்து நூலுக்கு 4 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கூட்டம் கூடி வியர்வை ஈரம் பருத்தியில் ஏறினால் நெருங்கிய நூல்கள் ஒன்றாகப் பேசத் தொடங்கும். ஸ்டீல் நூலில் ஈயம் ஒட்டாது. சால்டர் செய்ததுபோல் தெரியும், ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடும். பிரஸ் பட்டன் அடித்தோ, வாஷர் வைத்து நட்டுப் போட்டு இறுக்கியோதான் கம்பிக்கு மாற வேண்டும். சிப்பைத் துணியின் ஓரத்திலேயே வையுங்கள், நூலிலிருந்து சிப் வரை போகும் கம்பியும் ஓர் உணர்விதான். தூரம் வேண்டுமென்றால் யுஎஸ்பி பக்கம் நீட்டுங்கள். 5 மீட்டருக்கு மேல் ஆக்டிவ் கேபிள். மலிவு போர்டுகள் பலவும் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை, ஆர்டுயினோ யூனோ போர்டின் 5 வோல்ட்டில் சொருகினால் சிப் போய்விடும்.

இதற்கு மாற்றாக, ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் உணர்வி வைக்கலாமா என்று தோன்றும். எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) விலை குறைவு, 2 முதல் 400 சென்டிமீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும். சுவர்முன் சரியாகத்தான் வேலை செய்யும். பருத்திச் சேலை கட்டியவர் முன் நிற்கும்போது துணி ஒலியை உறிஞ்சிவிடும், ஆளே இல்லை என்று சொல்லும். துணிக் கண்காட்சிக்கு இது ஆகாது.

ஓரத்தில் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டும் எண்ணம் இருந்தால்: டபிள்யூஎஸ்2812பி வகையில் ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர். மீட்டருக்கு 60 விளக்கு, 2 மீட்டருக்கு 120, மொத்தம் 7.2 ஆம்பியர். சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவது அரை ஆம்பியர். கடைசி விளக்குகள் செம்மஞ்சளாகத் தெரிந்தால் நிரல் தப்பில்லை, நீல விளக்குக்கு வோல்டேஜ் எட்டவில்லை என்று அர்த்தம். 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி) வாங்கி இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், ஆர்டுயினோவின் கிரவுண்டையும் அதன் கிரவுண்டையும் சேருங்கள். 230 வோல்ட் பெட்டி துணியிலிருந்து எட்டவே இருக்கட்டும். அதன் முன்னால் 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத ஹாலில் வெறுங்காலோடு ஆட்களை உட்காரவைக்க வேண்டாம்.

மின்வெட்டு வந்து போனபின் சத்தம் வரவில்லை என்ற புகாரும் இருந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை. இன்ஸ்டலேஷனையும் பிரவுசரில் ஓட்டியிருந்தால், யாராவது ஒருமுறை கிளிக் செய்யும்வரை அல்லது விசையைத் தொடும்வரை அது ஒலியைத் திறக்காது. யூனோ செய்தி அனுப்பும் சீரியல் போர்ட்டுக்கும் அனுமதிக் கிளிக் கேட்கும். கண்காட்சியில் யார் கிளிக் செய்வது? யூனோவுக்குப் பதில் லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ போர்டு வைத்தால் அது கணினிக்குத் தன்னைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொள்ளும். நூலைத் தொட்டால் 'அ' விசை அழுத்தியதுபோல் போகும். அனுமதி வேண்டாம், முதல் தொடுகையிலேயே ஒலியும் திறக்கும். ஸ்பீக்கரைக் கம்பியில் இணையுங்கள். புளூடூத் தாமதத்தில் ஆட்கள் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி குத்துவார்கள்.

இனி, உங்கள் கேள்வியில் நீங்கள் கோளாறாகக் கணக்கில் எடுக்காத ஒன்று. ஜமக்காளத்தைத் தொட்டால் 'தறிச் சத்தம்' வருகிறது என்றீர்கள். அந்தச் சத்தம் எங்கே எடுத்தது? முதல் ப்ராஜெக்ட்டின் சோமனூர்ப் பதிவாக இருந்தால், அது விசைத்தறி. பவானி ஜமக்காளம் கைத்தறி. புவிசார் குறியீடு பெற்றது, 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் இருப்பது. விசைத்தறியில் நெய்து பவானி என்று விற்பதுதான் அந்த நெசவாளர்களின் பெரிய வயிற்றெரிச்சல். அவர்களில் ஒருவர் உங்கள் இன்ஸ்டலேஷனுக்கு வந்து துணியைத் தொட்டு, அதிலிருந்து விசைத்தறி கடகடத்தால் என்ன நினைப்பார்? கைத்தறியில் மிதிக்கும் சத்தம், நாடா (ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை) ஓடும் சத்தம், பலகை ஊடையை அடித்துச் சேர்க்கும் சத்தம் மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். தார் (நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய குழல்) மாற்றும்போது நிற்கும். தாளம் ஆளுக்கு ஆள் மாறும். பவானிக்கு ஒரு நாள் போய், அனுமதி கேட்டு, அன்றைய கூலியில் கைவைக்காமல் அவருக்குப் பணம் கொடுத்து, மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். 12 தொடுமுனையில் மூன்றை மூன்று சத்தத்துக்கு விட்டால் போதும், மீதி ஒன்பதை எடுத்துவிடலாம். மூன்று நூல் என்றால் கழலும் இணைப்பும் மூன்றுதான். அறிக்கையில் இதற்குத்தான் நீளமான பத்தி ஒதுக்குங்கள் என்பேன். மற்ற பிழைகள் வேலை செய்யாமல் நின்றன. இது நன்றாக வேலை செய்தபடியே தப்பாக இருந்தது.

எழுதும் முறைக்கு ஓர் உதாரணம். "ஹாலில் புரொஜெக்ஷன் எதிர்பார்த்தபடி அமையவில்லை" என்பது வெறும் புலம்பல். "லேப்பில் 100 லக்ஸில் சோதித்தோம். ஹாலில் மதியம் 2,000 லக்ஸ். விகிதம் 14-இலிருந்து 1.7-க்கு இறங்கியது. ஜன்னலை அளக்காமல் புரொஜெக்டரை முடிவு செய்தது காரணம். அடுத்த முறை காட்சி நடக்கும் அதே நேரத்தில் இடத்தை அளந்தபின் பட அகலத்தை முடிவு செய்வேன்" என்பதில் என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, ஏன், இனி என்ன என்ற நான்கும் இருக்கின்றன. என் எண்களை அப்படியே எடுத்துவிட வேண்டாம், ஹாலுக்கு மறுபடி போய் உங்கள் எண்ணை எடுங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் இந்த நான்கு வரி போதும். கெட்டுப்போன கிளிப், உடைந்த எழுத்தின் ஸ்கிரீன்ஷாட், கழன்ற இணைப்பின் போட்டோ எல்லாவற்றையும் வையுங்கள். தேர்வாளர் அழகான படங்களைவிட இவற்றைத்தான் நின்று பார்ப்பார்.

மறுபடி விரிக்க வாய்ப்புக் கிடைத்தால், எந்த விளக்கமும் சொல்லாமல் இருபது பேரை விட்டு ஓரமாக நின்று எண்ணுங்கள். எத்தனை பேர் செருப்பைக் கழற்றினார்கள், எத்தனை பேர் கையால் தொட்டார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களே அதிகம் என்றால் நூலை நடுவிலிருந்து எடுத்து, உட்கார்ந்தவர் கை ஊன்றும் ஓரத்துக்கு மாற்றித் தையுங்கள்.